நீல ஜெர்சியின் கோபம்

துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டபடியே இதைச் சொல்கிறேன். சாயங்காலம் வெளிநாட்டு அணியோடு நம் நாட்டு ஃபுட்பால் மேட்ச். என் வீட்டுக்காரர் மேட்ச் பார்க்கப் போட்டுக்கொண்டு போகவேண்டிய நீல ஜெர்சி, கொடியில் காய்ந்தபடி பேசியது.

"ஆட்டக்காரனுக்கு அடக்கம் வேணும். கையை ஓங்கினா ஒரு வருஷம் வெளியே உட்கார வைக்கணும்."

"நம்ம ஆளா இருந்தாலுமாண்ணே?" என்றது பக்கத்து மஞ்சள் துண்டு.

"எவனா இருந்தாலும்!"

காற்றடித்ததும் துண்டு லேசாக உரசியது. ஜெர்சி எகிறி ஓர் அறை விட்டது. கிளிப் தெறித்து, ஜெர்சியே சேற்றில் விழுந்தது.

"என்னண்ணே, நீங்களே கை ஓங்கிட்டீங்க?"

"எதிரணி கலர்ல வந்து இடிக்கிறே! நாட்டுக்காக அடிச்சேன்டா!"

மறுபடி வாளியில் முக்கினேன். மேட்சுக்குள் இது காயாவிட்டால்... இதோ வர்றேன் அத்தே, பாப்பா முழிச்சிட்டாளா, இந்த ஜெர்சியை மட்டும் பிழிஞ்சு போட்டுட்டு...