தவளைக்கு ஓர் இரங்கல் அட்டை

“இதோ பாரு பெரில், இந்த பீர் கிளாஸ் மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன். நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய் இருந்தாலும், நான் குடிக்கிற கடைசி கிளாஸ் இதுவா இருக்கட்டும்!”

இதற்கு மேல் பெரிய சத்தியம் செய்ய நெவிலிடம் எதுவும் கிடையாது. பெரில் அம்மாள் தன் பிங்கோ சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத் தொழிலாளர் கிளப்பில் பிங்கோ என்ற எண் ஆட்டத்துக்கு இருபது நிமிட இடைவேளை. பெரிலின் கைப்பையில் நாலாக மடித்த ஒரு கடிதம். தவளைப் படத்தைச் சின்னமாக வைத்திருந்த ‘ஜாலி ஃப்ராக்’ மின்கம்பெனி போன அக்டோபரில் திவாலாகிவிட்டது. நடத்தியவர்கள் ஆகவில்லை, போர்ச்சுகலில் வெயில் காய்ந்துகொண்டு சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. வாடிக்கையாளர்களை அரசின் மின் ஆணையம் ஒரே நாளில் வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டது. எந்த வீட்டிலும் விளக்கு ஒரு நொடி கூட அணையவில்லை. ஆனால் பழைய கம்பெனிக்குப் பெரில் தர வேண்டிய பாக்கி, இருநூற்று அறுபத்தெட்டு பவுண்டு, அது மட்டும் சாகாமல் உயிரோடு இருந்தது. கம்பெனியின் கணக்கை முடிக்க வந்தவர்கள் அதைக் கேட்டு எழுதியிருந்தார்கள்.

பெரிலிடம் இருந்தது இருநூற்று எண்பத்து மூன்று பவுண்டு. கீழ்ப்பல் செட்டுக்காகப் பத்து மாதம் சேர்த்தது. ஆப்பிளைக் கடித்துத் தின்று இரண்டு வருடம் ஆகிறது.

“கட்டித்தான் ஆகணும் பெரில்,” என்றாள் பாரில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த லொரெய்ன். “கம்பெனி போனாலும் கடன் போகாது. ஆனா போன் போட்டு, மாசம் பத்துப் பத்தா கட்டுறேன்னு கேளுங்க. எங்கம்மாவுக்கு ஒத்துக்கிட்டாங்க.”

“இவ பேச்சைக் கேட்டா உருப்பட்ட மாதிரிதான்,” என்றார் நெவில். “எனக்கு வந்தது நானூத்திப் பன்னெண்டு பவுண்டு. ஒரு பென்னி கட்டியிருப்பேனா?”

“அப்ப என்னதான்யா பண்ணினே?”

“முறையா செய்ய வேண்டியதைச் செஞ்சேன். கம்பெனி செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கான். செத்த வீட்டுக்கு நாம என்ன அனுப்புவோம்? லில்லிப் பூ போட்ட இரங்கல் அட்டை ஒண்ணு வாங்கினேன். ‘உங்க தவளை போயிடுச்சுன்னு கேட்டு மனசு உடைஞ்சுபோயிட்டேன். இந்த நேரத்துல பணத்தைப் பத்திப் பேசி உங்களைப் புண்படுத்த மாட்டேன்’னு எழுதித் தபால்ல போட்டேன்.”

“அடப்பாவி! அப்புறம்?”

“மறுபடியும் லெட்டர். இந்தத் தடவை சிவப்பு எழுத்து. நான் கோவப்படலையே! ‘இறப்புச் சான்றிதழ் ஒரு நகல் அனுப்புங்க. அடக்கம் என்னைக்குன்னு சொன்னா வந்து நிக்கிறேன்’னு எழுதினேன்.”

பெரில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“கடைசியில ஒரு நாள் ஆளே வந்துட்டான். கோட்டு, சூட்டு, கையில பெட்டி. நான் கறுப்பு டை கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். உள்ளே மேஜை மேல ஹாம் சாண்ட்விச், ஒரு பாட்டில் ஷெர்ரி ஒயின், நடுவுல தவளைப் படம் போட்ட பழைய பில், சுத்தி கறுப்பு ரிப்பன். ‘வாப்பா, லேட்டானாலும் வந்தியே, அதுவே பெருசு. போனவரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசு’ன்னேன்.”

“பேசினானா?”

“பேசினானாவா! ரெண்டாவது ஷெர்ரி உள்ளே போனதும் ஓன்னு அழுதான். அவன் முன்னாடி அந்தத் தவளைகிட்டதான் வேலை பார்த்தானாம், மூணு மாசச் சம்பளம் பாக்கியாம்! எனக்கே பாவமாப் போச்சு, இருபது பவுண்டு கைமாத்து கொடுத்தேன். அவன் என் கணக்கைக் கிழிச்சு நெருப்புல போட்டுட்டு, மிச்ச சாண்ட்விச்சைப் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போயிட்டான்.” நெவில் பெருமூச்சு விட்டார். “அந்த இருபது இன்னும் வரலை. எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் அதுதான்.”

“நிஜமாவா நெவில்?”

“கிளாஸ் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்ல?” என்று முகத்தில் ஒரு சுருக்கம் கூட அசையாமல் கிளாஸைக் காலி செய்தார். அடுத்த கிளாஸைப் பெரில் வாங்கிக் கொடுத்தார்.

“பெரில், சொல்றதைக் கேளுங்க. ஒரு போன்தானே...” என்றாள் லொரெய்ன்.

“நீ சும்மா இரும்மா. உங்கம்மா மாசாமாசம் அழுதுக்கிட்டுக் கட்டுறா. இவர் கட்டாமலே ஜெயிச்சிருக்காரு. நான் யார் பேச்சைக் கேட்கிறது?”

மறுநாள் காலையில் பெரில் லில்லிப் பூ அட்டை ஒன்றை வாங்கினார். தன் மிக அழகான கையெழுத்தில் தவளைக்கு அஞ்சலி எழுதித் தபாலில் போட்டார். அதே நடையில் பல் டாக்டரிடம் போய் இருநூற்று எண்பத்து மூன்றையும் கட்டி, கீழ்ப்பல்லுக்கு அச்சு எடுத்துக்கொண்டார். வாயில் அச்சு மாவின் கசப்பும் மனசில் வெற்றிக் களிப்புமாக, பால் வாங்க முக்குக் கடைக்குள் நுழைந்தார். வரிசையில் முன்னால் நெவில் நின்றிருந்தார்.

“வழக்கம்போலப் பத்துப் பவுண்டுக்கா, நெவில்?” என்று கேட்டபடி, அவர் நீட்டிய மீட்டர் சாவியைக் கடைக்காரர் இயந்திரத்தில் செருகினார்.

நெவில் வீட்டில் இருப்பது, கடையில் முன்பணம் ஏற்றினால்தான் விளக்கு எரியும் மீட்டர். இருபத்தாறு வருடமாக எந்த மின்கம்பெனியும் அவருக்கு ஒரு பில் கூட அனுப்பியதில்லை.