ஹார்மன் வீட்டு ரத்தக் கழிச்சல்

“ரத்தம்னு எழுதியிருக்காங்க, ரத்தம்! அது கோழியோட ரத்தம், என்னோடது இல்ல!”

ஹார்மன் போட்ட கூச்சலில் அவன் கொட்டகையிலிருந்த இருபதாயிரம் கறிக்கோழியும் ஒரு நொடி வாயை மூடியிருக்கும். எங்கள் ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. பக்கத்தில் வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்த எங்களுக்குக் கண்ணும் காதும் இருந்தது எங்கள் குற்றமா?

விஷயம் இதுதான். ஐம்பத்தைந்து வயதானால் அரசாங்கத்திலிருந்து ஊதா உறையில் ஒரு சின்னக் குழாய் வரும். மலத்தைத் துளி தொட்டு வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். குடலில் ஏதாவது கோளாறு என்றால் ரத்தம் காட்டிக் கொடுத்துவிடும். ரத்தம் தெரிகிறது, ஆஸ்பத்திரிக்கு வா என்று ஹார்மனுக்கு அன்று கடிதம் வந்திருந்தது.

கோழிப் பண்ணைக்குப் பேர்போன பார்னெவெல்ட் பக்கத்தில் கோழி வளர்க்கிறவனிடம் இதைச் சொல்கிறார்கள்! ஹார்மன் விடிந்ததும் முதலில் பார்ப்பதே எச்சத்தைத்தான். இன்றைக்குத் தீவனம் சேர்ந்ததா, குடல் வீங்கியிருக்கிறதா என்று கூளத்தைக் குனிந்து பார்த்தே சொல்வான்.

“தெனம் தெனம் ‘அனுப்பிட்டியா, அனுப்பிட்டியா’ன்னு உசுர எடுத்தே. கோழி எச்சத்தத் தொட்டு வெச்சு ஒட்டி ஒங்கையில குடுத்தேன். அவங்களும் மண்டைய ஒடைச்சிக்கட்டும்னு. இப்ப பாரு, கொட்டகை பூரா ரத்தக் கழிச்சல். அப்பவே ஆரம்பிச்சிருக்கு, நான்தான் கவனிக்கல!”

அவன் மனைவி டினேக்கே எதிரே உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் கிடந்த ரொட்டித் துகள்களை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

“திட்டவாவது செய்யேன்!”

“கோழிக்கு மருந்துத் தண்ணி வெச்சாச்சா?” என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலிலேயே எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வீட்டுக்கு ஊதா உறை இரண்டு தடவை வந்ததைத் தபால்காரியும் சொன்னாள். முதல் தடவை ஹார்மன் அசையவில்லை போலிருக்கிறது, நினைவூட்டல் வந்திருக்கிறது என்று அதற்கும் சிரித்தோம்.

செத்த கோழிகளை அறுத்துப் பார்க்கக் கால்நடை மருத்துவர் வந்தார். குருட்டுக் குடலைக் கீறியதும் உள்ளே ரத்தம் கருஞ்சிவப்பாகக் கட்டியிருந்தது. ஹார்மன் பெருமையாகத் தன் கடிதத்தை எடுத்து நீட்டினான்.

“பாத்தீங்களா டாக்டர், இந்த ரத்தத்துக்கு என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூப்புடுறாங்க!”

அவர் படித்தார். சிரிக்கவில்லை. “ஹார்மன், மனுஷங்க சோதனையில மனுஷ ரத்தம்தான் தெரியும். கோழி ரத்தத்த அது கண்டுக்கவே கண்டுக்காது.”

“அப்ப... என் கட்டைவெரல்ல ஒரு வெட்டு இருந்துச்சு. அதுல பட்டிருக்கும்.”

“இருக்கலாம். எதுக்கும் போய்ப் பாத்துட்டு வா.”

போனான். முதல் நாள் பேதி மருந்து குடித்துவிட்டு, “இருபதாயிரம் கோழியோட கழிச்சலும் எனக்கே வந்துருச்சு” என்று வேலிக்கு மேலாக எங்களிடம் புலம்பினான். மறுநாள் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குழந்தையின் குடல் மாதிரி சுத்தமாக இருந்ததாம்.

எங்களில் ஒருத்தியான கெர்தா ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துப் போனாள். ஹார்மன் மூன்று துண்டு தின்றான். “வெரல் வெட்டுதான்! நான்தான் சொன்னேனே!” என்று மேசையைத் தட்டினான். டினேக்கே எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். தன் கோப்பைக்கு ஊற்ற மறந்துவிட்டாள்.

கோழிகள் தேறின. குஞ்சு இறக்கிய நாற்பத்திரண்டாம் நாள் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. டினேக்கே கொட்டகையைக் கழுவித் தள்ளினாள். மறுநாள் காலை ஒரே ஒரு பெட்டியோடு ஸ்வோல்லே நகரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை.

எங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

“பொய் சொன்னா எந்தப் பொண்டாட்டி பொறுப்பா?” என்றாள் கெர்தா. “இருபத்தெட்டு வருஷக் குடும்பம். ஒரு துளி கோழி எச்சத்துல போச்சு.”

நாங்களும் ஆமாம் போட்டோம். ஹார்மன் சனிக்கிழமைதோறும் காரை எடுத்துக்கொண்டு ஸ்வோல்லே போவான், மாலையில் தனியாகத் திரும்புவான். கெஞ்சப் போகிறான், அவள் மசியவில்லை என்று பேசிக்கொண்டோம்.

வசந்தத்தில் அவன் கொட்டகையைப் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுத்துவிட்டு ஸ்வோல்லேக்கே குடிபோனான். சாமான் ஏற்றுகிற அன்று கெர்தாவும் நாங்களும் காப்பி எடுத்துக்கொண்டு போனோம். காப்பி ஒரு சாக்கு என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

“ஒருவழியா டினேக்கே மனசு எறங்கிட்டா போல?” என்றாள் கெர்தா. “ஒரு கோழி எச்சத்துக்கு இவ்வளவு கோவம் ஆகாதுப்பா.”

“கோவமா? யாருக்கு?” என்றான் ஹார்மன். பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டே பேசினான். தீவன மூட்டையைப் பற்றிப் பேசுகிற அதே குரல். “நான் ஒட்டிக் குடுத்தத அவ அன்னிக்கே பிரிச்சுப் பாத்துட்டா. கோழி எச்சம் அவளுக்குத் தெரியாதா? லேப்ல இருக்குறவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்கன்னு அதத் தூக்கிப் போட்டுட்டு, எம் பேருக்கு வேற குழாய் வரவழைச்சிருக்கா. கடுதாசி வந்ததும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. கோழிங்க சொகமாகி லாரி ஏறட்டும்னு வாயத் தொறக்கல.”

“என்ன தெரிஞ்சுபோச்சு?”

நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தான்.

“அந்தக் குழாய்ல போனது அவளோடது.”