ஐரிஷ் போட்ட வீடு

மைக் செட் இன்னாசி எப்போதோ ஒரு சாவு வீட்டில், குழல் இப்படி விம்முகிறதே என்று ஓர் அயர்லாந்து இசைத்தட்டைப் போட்டுவிட்டார். அதிலிருந்து அந்த மலைக் கிராமத்தில் அதைப் போடாமல் பிணம் எடுப்பதில்லை. ‘ஐரிஷ் போட்டாச்சு’ என்றால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். இன்று தன் வீட்டிலேயே போட்டிருந்தார், மனைவி பிலோமிக்கு. அழுகை வரவில்லை. சுற்றும் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூமாலையோடு வந்த அயர்லாந்துக் கன்னியாஸ்திரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அண்ணா, இது எங்க ஊர்ல கல்யாணத்துக்கு ஆடுற பாட்டு.”

தட்டை நிறுத்தக் கை நீட்டிய இன்னாசி, நிறுத்தவில்லை.

“நாங்க ஓடிப்போய்க் கட்டிக்கிட்டவங்க, சிஸ்டர். எங்களுக்கு யாரும் பாட்டு போடல” என்றபடி சத்தத்தைக் கூட்டினார்.