கொய்யா ஜின்

முதல் கோப்பையை அவள் மூக்கருகே கொண்டுபோனாள்.

ஒன்றும் இல்லை.

வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் பார்ப்பவர்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் துப்பினாள். காரம் தெரிந்தது. சூடு தெரிந்தது.

அவ்வளவுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் பிரித்தோ நின்றிருந்தான். புதுச்சேரியின் இந்தச் சின்ன ஆலையில் ஜின் காய்ச்சுகிறவன். இன்றைய சரக்கு முழுக்க முழுக்க அவன் யோசனை. பழுத்த கொய்யாவைப் போட்டு வடித்தது. அவள் கோப்பையை நிமிர்த்தி வைத்தால் அது பாட்டிலுக்குப் போகும். கவிழ்த்து வைத்தால் சாக்கடைக்கு. அவள் வருவதற்கு முன்பிருந்தே இங்கே அதுதான் வழக்கம்.

மூக்குக்குத்தான் அவளுக்குச் சம்பளம். வேறு தொழில் தெரியாது.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அந்த மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து சொன்னாள். குளித்துவிட்டு வந்த மகளின் தலையில் முகம் புதைத்துப் பார்த்தாள். ஈரம் மட்டும் இருந்தது. அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஆலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எப்படியோ ஒப்பேற்றினாள். எப்போதும் இரண்டு கோப்பை வைப்பார்கள். ஒன்றில் வெறும் ஜின், ஒன்றில் பழம் சேர்ந்தது. எது எது என்று யாரும் சொல்வதில்லை. அவளிடம் போய் அதைச் சொல்வார்களா? நாவல்பழம் ஊறப்போட்டது ஊதாவாக இருந்தது. மாதுளை சிவந்திருந்தது. நிறத்தைப் பார்த்துப் பழத்தைச் சொன்னாள். மிச்சத்தைப் பிரித்தோவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சரக்கு பிடித்திருந்தால் அவன் உதடு லேசாகக் கோணும். பாவம், அவனுக்கே அது தெரியாது.

கொய்யாவை வடித்துவிட்டால் நிறமில்லை.

இரண்டு கோப்பையும் பச்சைத் தண்ணீர் போல இருந்தன. பிரித்தோவோ தலையைக் குனிந்துகொண்டு மாதாவிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு பழத்தை முகர்ந்தே மரத்தில் பழுத்ததா வைக்கோலில் பழுத்ததா என்று சொன்னவள் அவள். அப்போதெல்லாம் துப்பிய பிறகும் பழம் வாயில் தங்கும். மாலை பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அதையே அசைபோட்டுக்கொண்டு போவாள்.

"கொய்யா நல்லா எறங்கியிருக்கு பிரித்தோ," என்றாள். "வாயிலயே நிக்குது."

அவன் நிமிர்ந்தான். உதடு கோணவில்லை.

வெளியே காலி பாட்டில் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா..." இரண்டாவது கோப்பையை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான். "அது வெறும் ஜின்னுக்கா. பழம் இதுலதான் இருக்கு." உடனே அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "சளி புடிச்சிருக்கும் உங்களுக்கு."

தப்பித்துக்கொள் என்று வழி விடுகிறான். நல்லவன். அந்த நல்லதனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது கோப்பையை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோகவில்லை.

"எப்படி இருக்குன்னு நீ சொல்லு."

அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மழை விட்டதும் மரத்தடியில பழம் ஒடஞ்சு கெடக்கும்லக்கா... அந்த வாசம். கடைசியில லேசா ஒரு தழைக் கசப்பு."

அவன் சொல்லச் சொல்ல அவள் குடித்தாள். துப்பவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுக்கூட விழுங்காத தொண்டையில் அது எரிந்துகொண்டு இறங்கியது. யாராவது பார்த்திருந்தால், எவ்வளவு ரசித்துக் குடிக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

காலிக் கோப்பையை நிமிர்த்தி வைத்தாள்.

அவன் சரக்கு தேறிவிட்டது. சந்தோஷப்படத் தெரியாமல் நின்றான்.

அவள் எழுந்துபோய்த் தன் டம்ளரைக் கழுவினாள். முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள்.

அவன் கோப்பைக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்தாள்.