பூட்டி வெச்ச கட்டுரை

மயில்சாமி சார் பண்ணுனது எனக்கும் புடிக்கலைங்க.

தேயிலை ஆராய்ச்சியில இருந்து ரிட்டையர் ஆனவரு. கல்யாணமும் பண்ணிக்கலை. குன்னூர்ல எங்க வரிசையில எட்டு ஊடு. பச்சைத்தேயிலை கிலோ அஞ்சு ரூபாய்க்கு எறங்குனதும் ஆறு ஊட்டுக்காரங்க திருப்பூருக்குப் பொழைக்கப் போயிட்டாங்க. அதுல தெய்வம்மா கோழியையும் பஸ்ல ஏத்துனா. கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் கேட்டான், அது தனிக் கதை. மீதி அவரும் நானுந்தான்.

முன்னெல்லாம் தபால்காரர் மோசஸ் அவருக்குக் கத்தையா வெளிநாட்டுக் கார்டு கொண்டாருவாரு. 'உங்க கட்டுரை ஒண்ணு அனுப்புங்க'ன்னு கேட்டு வர்றது. ஸ்டாம்பைக் கிழிச்சு எம் பையனுக்குக் குடுப்பாரு. இப்பப் பென்ஷன் ஆபீஸ் கடுதாசிதான்.

அன்னைக்கு வெளியூர்ல இருக்கற எம் பையனுக்குப் போன் போடலாம்னு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவன் எடுக்கலை. அங்க சாரும், அவருகிட்டப் படிச்ச பிரியாவும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தாங்க. தேயிலைக் கொப்புள நோய்க்கு மருந்துச் செலவைக் குறைக்கறதைப் பத்தி சார் எழுதுன கட்டுரை. வெளிநாட்டுப் பத்திரிகையில போடறாங்களாம்.

"ரெண்டு வழியில எதுன்னு கேக்கறாங்க சார். தெறந்து உட்டா யாரு வேணா சும்மா படிக்கலாம். பூட்டி வெச்சா, படிக்கறவங்க காசு கட்டணும்."

"தெறந்து உடறதுக்கு நாமல்ல கட்டணும்?"

"உங்களுக்குத் தள்ளுபடி பண்ணிட்டாங்க சார். தெறந்தே போட்டர்லாங்களா?"

சார் கண்ணாடியைத் தொடைச்சாரு.

"பூட்டியே போடும்மா."

"நமக்குப் பைசா செலவில்லைங்க சார். தோட்டக்காரங்க தெனம் நட்டப்படறாங்க. அவங்களுக்கா பூட்டு?"

"போடுன்னா போடு."

"போறப்பத் தலையில வெச்சு எடுத்துட்டுப் போவாராட்ட இருக்குது," அவரு காதுல விழறாப்லயே சொன்னேன்.

பிரியா போட்டுட்டுப் போனவதான். நாலு மாசம் எட்டிப் பாக்கலை.

போன வாரம் ஏதோ கையெழுத்து வேணும்னு வந்தா. சார் ஊட்டுல இல்லை. நான்தான் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். எப்படியும் பையனுக்குப் போன் போடணுமில்ல.

சார் ஒத்தை வெரல்ல தட்டிட்டு இருந்தாரு. பிரியா பின்னாடி நின்னு, அவருக்கு வந்த மெயிலையெல்லாம் வாய்விட்டுப் படிச்சா. கூடலூர்ல ஒரு சங்கத்துக்காரர், அஸ்ஸாம்ல ஒரு டாக்டரம்மா, கென்யாவுல ஒரு பையன். காசு கட்ட முடியலை, கட்டுரை அனுப்ப முடியுமான்னு கேட்டு நாப்பத்தோரு பேரு. அத்தனை பேருக்கும் அன்னன்னைக்கே அனுப்பியிருக்காரு. ஒவ்வொண்ணுக்கும் அடியில, 'கெடைச்சா ஒரு வரி எழுதுங்க. அங்க மழை எப்படி?'

"இப்படி ஒவ்வொருத்தருக்கா அனுப்பறதுக்கு, அன்னைக்கே தெறந்து உட்டிருக்கலாமே சார்?"

பையனுக்குப் போட்ட போனு அன்னைக்கும் அடிச்சுட்டே இருந்துச்சு. நான் வெச்சுட்டேன்.

சார் திரும்பாமலே சொன்னாரு:

"தெறந்து உட்டிருந்தா எனக்கு யாரும்மா எழுதுவாங்க?"