பல் பதிந்த பொட்டலம்

ஓட்டுநரும் செவிலியரும் இல்லாத ஆம்புலன்ஸ்களில் முதலுதவிப் பொருட்களைப் பொட்டலமாக ஒட்டி அடுக்கி வைப்பது பூங்கோதையின் வேலை. காங்கேயத்தில் பணிமனை. வண்டி தானாகவே வீடு தேடிப் போகும். என்ன செய்ய வேண்டுமென்று குரலில் சொல்லும். வீட்டில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

அன்று மதியம் திரும்பி வந்த வண்டியில் ஒரு கட்டுத்துணிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. உறையெல்லாம் ரத்தம். ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

"கூட யார் சார் போனது?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள்.

"யாரு போவாங்க? வண்டிதான் போச்சு. அந்தம்மா வழியிலேயே இறந்துட்டாங்க. நீ வேற பொட்டலம் வச்சு அனுப்பும்மா."

வைத்து அனுப்பினாள். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள்.

இறந்தவளின் கணவர், சென்னிமலை என்பவர், வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மனைவி வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் தவறி அவள் தொடையில் இறங்கிவிட்டதாம். பூங்கோதை தான் யாரென்று சொன்னாள்.

"நான்தானுங்க அந்தப் பொட்டலத்த அவ்வளவு இறுக்கி ஒட்டிப்போட்டேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் திட்டுவாரென்று நினைத்தாள். அவரோ நகர்ந்து, உட்கார இடம் கொடுத்தார்.

"ரத்தம் வர்ற எடத்துல கையெடுக்காம அழுத்துங்கன்னுச்சு, அழுத்துனேன். பொட்டலத்தப் பிரிங்கன்னுச்சு. அவ கையப் புடிச்சுக்கிட்டுப் பேச்சுக் குடுங்கன்னுச்சு. வண்டி சொன்னதெல்லாஞ் சரிதான் அம்மிணி. எனக்குத்தான் கை ரெண்டே ரெண்டு."