எட்டாம் மாடிக் கொடி

“இந்த வீட்டுல ஒண்ணு அந்த மெஷின் இருக்கும், இல்லாட்டி நான் இருப்பேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

சந்திரகலா தன் புது ரவிக்கையைக் கணவன் சுகுமாறனின் முகத்துக்கு நேரே பிடித்தாள். போன வாரம்வரை அது அவளுக்கு அளவாக இருந்தது. இப்போது பொம்மைக்குத்தான் போடலாம்.

“டிரையர் மேல தப்பில்ல லா. நீ சூட்டைக் கூட்டி வச்சிருக்க.”

“நான் கேட்டேனா டிரையர்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம லோரியில ஏத்திக்கிட்டு வந்துட்டீங்க!”

ரவிக்கை போனதைவிட அந்தக் கோபம்தான் அவளுக்குப் பெரிது. ஆனால் சுகுமாறன் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் எட்டாம் மாடி வீடு. இந்த வருடம்தான் குடிவந்தார்கள். பால்கனியில் எதையும் தொங்கவிடக் கூடாது என்பது அந்த அடுக்குமாடிக் கொண்டோ கமிட்டியின் சட்டம். சந்திரகலா இரண்டு முறை கொடி கட்டித் துணி காயப்போட்டு, இரண்டு முறையும் சமன் வாங்கி அபராதம் கட்டினாள். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் இடுக்கிலோ வெயில் எட்டியே பார்க்காது. அங்கே போட்ட துணி மூன்று நாள் ஈரமாகவே கிடந்து நாலாம் நாள் நாற ஆரம்பித்துவிடும். பொறுத்துப் பார்த்த சுகுமாறன், கிள்ளானில் ஒரு கடையில் டிரையர் வாங்கி வந்துவிட்டான்.

“வெயில்ல காஞ்ச துணியை மூஞ்சில வச்சுப் பாருங்க, எவ்வளவு சுகமா இருக்கும்! இது என்னடான்னா தோசைக்கல்லுல போட்டு எடுத்த மாதிரி இருக்கு.”

“சரி, இப்படி வச்சுக்குவோம். பிடிக்கலைன்னா ஏழு நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்னு கடைக்காரர் சொன்னாரு. இன்னிக்கு ஏழாவது நாள். பால்கனியில கொடி கட்டலாம்னு கமிட்டி சொல்லட்டும், நானே லோரியைக் கூப்பிட்டு மெஷினை ஏத்தி அனுப்பிடறேன்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

கமிட்டி சொல்லவா போகிறது என்ற தைரியம் அவனுக்கு.

சோறு சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், கொண்டோவின் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவர் கமிட்டிச் செயலாளர் ஞானசம்பந்தம்.

“எல்லாருக்கும் வணக்கம். பால்கனியில ஒண்ணும் தொங்கவிடக் கூடாதுன்னு ரூல் இருக்கு, தெரியும். ஆனா நாளையிலேருந்து எல்லா வீட்டுலயும் கொடி கட்டலாம்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம். வெளியில நல்லாத் தெரியற மாதிரி கட்டுங்க. கிழிஞ்சது, சாயம் போனது எதையும் தொங்கவிடாதீங்க. அது பெரிய அவமரியாதை. தரையில படக் கூடாது. மழை வந்தா உடனே உள்ள எடுத்துடுங்க. காலையில ஒன்பது மணிக்கு டத்தோ ஒருத்தர் பார்க்க வராரு. நல்லாக் கட்டின மாடிக்குப் பரிசு உண்டு.”

சந்திரகலாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. “கேட்டீங்களா? கிழிஞ்சது, சாயம் போனதுன்னு உங்க பனியனைத்தான் சொல்றாரு!”

சுகுமாறன் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டான். “துணி காயப்போட்டா பரிசா? அதைப் பார்க்க டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுசர் வேற வராரா?”

“கரண்டு மிச்சம்தானே? எங்க பார்த்தாலும் கிரீன் கிரீன்னுதானே பேசறாங்க!”

அவனுக்கு மனசு ஆறவில்லை. ஞானசம்பந்தத்தையே போனில் பிடித்தான். சந்திரகலா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

“அங்கிள், கொடி கட்டலாம்னு சொன்னது நிசந்தானா?”

“இதுல என்னப்பா சந்தேகம்? தாராளமாக் கட்டு. ஒண்ணு என்ன, நாலு கட்டு! போன வருசம் உங்க மாடியில ஒருத்தர்கூடக் கட்டல. எனக்கு மனசே விட்டுப்போச்சு. பக்கத்து வீடுகளுக்கும் எடுத்துச் சொல்லுங்க.”

“பாவம், நல்ல மனுசன்” என்றாள் சந்திரகலா. “யாரும் துணி காயப்போடலைன்னு எவ்வளவு வருத்தப்பட்டிருக்காரு!”

சொன்ன சொல் தவற முடியாமல் சுகுமாறன் கடைக்குப் போன் செய்தான். நாலு மணிக்கு லோரி வந்தது. டிரையர் லிஃப்டில் இறங்கியபோது அவன் முகத்தைப் பார்க்கச் சந்திரகலாவுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அதற்காக அவள் தடுக்கவில்லை.

அன்று மாலையே அவள் எட்டாம் மாடித் தமிழ் வீடுகளின் கதவுகளையெல்லாம் தட்டினாள். ஞானசம்பந்தத்தின் நீளமான குரல் செய்திகளைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. சந்திரகலா சொன்னதே போதும் என்று தலையாட்டினார்கள்.

மறுநாள் ஞாயிறு விடியற்காலையில் எட்டாம் மாடி முழுக்கத் துணி துவைக்கும் சத்தம். எட்டரை மணிக்கு அவள் பால்கனியில் மட்டும் நாலு கொடி. சேலை, போர்வை, பாவாடை, லுங்கி என்று வகை பிரித்துக் காயப்போட்டு, இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தாள்.

ஒன்பது மணிக்குக் கதவு மணி விடாமல் அடித்தது. வியர்த்து வழிய, மூச்சு வாங்க ஞானசம்பந்தம் நின்றார்.

“என்னம்மா இது? டத்தோ கீழ அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறாரு!”

“பார்க்கட்டும் அங்கிள். பரிசு எங்க மாடிக்குத்தானே?”

“பரிசா? மத்த மாடியெல்லாம் எப்படி இருக்குன்னு கீழ இறங்கி வந்து பாரு. உங்க மாடியில மட்டும் வரிசையாப் பாவாடையும் லுங்கியும் தொங்குது!”

“கொடி கட்டச் சொன்னதே நீங்கதானே?”

ஞானசம்பந்தம் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அடுத்த வாரம் மெர்டேக்கா, சுதந்திர தினம் லா! நான் கட்டச் சொன்னது நம்ம நாட்டுக் கொடியம்மா!”